இல்லாதவரும் கொடாதவரும்: ஒரு தீர்ப்பின் வரலாறு



கடன் இல்லாத குடும்பம் அரிது. மகளின் திருமணம், வீடு கட்டுதல், மருத்துவச் செலவு, வெளிநாட்டுப் பயணம் என ஏதேனும் ஒரு தேவைக்காகக் கையெழுத்திட்டுக் கொடுத்த புரோநோட்டு யாரிடமேனும் இருக்கும். ஆண்டுகள் ஓடுகின்றன. கொடுத்தவர் வழக்குத் தொடுக்கிறார்; தீர்ப்பாகி டிக்ரியும் கிடைத்துவிடுகிறது. பிறகு ஒருநாள் நீதிமன்ற அமீனா வாசலில் வந்து நிற்கிறார். அந்நேரத்தில் வீட்டிலுள்ளோர் உள்ளத்தில் எழும் முதல் கேள்வி, "பணம் கட்டாவிட்டால் சிறைக்குப் போக வேண்டுமா?" என்பதுதான்.

விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடமான நமது குழித்துறையிலும் உரிமையியல் நீதிமன்றங்கள் உள்ளன. எனவே இக்கேள்வி நமக்குத் தொலைவானது அன்று. இதற்கு நம் நாட்டின் உச்சநீதிமன்றம் 1980-ஆம் ஆண்டு தெளிவானதொரு விடையைத் தந்தது. அந்த வழக்கு எழுந்ததும் நமக்கு அண்மையிலுள்ள கேரள மண்ணில்தான்.

கடனுக்குச் சிறை என்ற பழைய வழக்கம்

கடனைத் திருப்பித் தர இயலாதவரைச் சிறையில் அடைப்பது பல நாடுகளில் நெடுங்காலம் சட்டமாகவே இருந்தது. இங்கிலாந்தில் கடனாளிகளுக்கென்றே தனிச் சிறைகள் இருந்தன. புகழ்பெற்ற எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824-ஆம் ஆண்டு, ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய சுமார் 40 பவுன் கடனுக்காக லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். மனைவியும் இளைய பிள்ளைகளும் அவருடன் சிறைக்குள்ளேயே வாழ்ந்தனர். 12 வயதுச் சிறுவனாக இருந்த டிக்கன்ஸ் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார். சிறைக்குள் இருப்பவர் எவ்வாறு சம்பாதித்துக் கடனை அடைப்பார் என்று அக்காலச் சட்டம் சிந்திக்கவில்லை. 1869-ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டத்திற்குப் பிறகே அங்கு இந்த வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது.

இந்தியாவில் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம், டிக்ரிப் பணம் கட்டாதவரைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க இடமளித்தது. 1936-ஆம் ஆண்டு அதில் ஒரு முக்கியமான கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது. கடனாளி ஊரைவிட்டு ஓடிவிடக்கூடும், அல்லது சொத்தை நேர்மையற்ற முறையில் பிறர் பெயருக்கு மாற்றிவிட்டார், அல்லது கட்டும் வசதி இருந்தும் மறுக்கிறார் என்பன போன்ற காரணங்களில் ஒன்று இருப்பதாக நீதிமன்றம் நிறைவடைந்து, அதை எழுத்தில் பதிவு செய்த பின்னரே சிறைக்கு அனுப்ப முடியும் என்பதே அது.

கொச்சி வங்கி வழக்கு

கட்டுப்பாடு ஏட்டில் இருந்தது. எனினும், டிக்ரிக்குப் பிறகு எப்போதாவது கடனாளியின் கையில் பணம் இருந்தது என்று காட்டினாலே சிறைக்கு அனுப்பலாம் என்று பொருள் கொள்ளவும் அச்சட்டத்தின் சொற்கள் இடம் தந்தன. இந்நிலையில்தான் 'ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி' என்ற வழக்கு உச்சநீதிமன்றத்திற்கு வந்தது. வங்கி 1972-ஆம் ஆண்டு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு டிக்ரி பெற்றிருந்தது. கடனாளிகளின் சொத்துகள் ஜப்தி செய்யப்பட்டிருந்தன. வேறு டிக்ரிகளும் அவர்கள் மீது இருந்தன. இந்நிலையில் 1979-ஆம் ஆண்டு அவர்களைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க வாரண்டு பிறப்பிக்கப்பட்டது.

1980 பிப்ரவரி 4 அன்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நீதிபதி ஆர்.எஸ். பதக் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர். ஒப்பந்தப்படி நடக்க இயலவில்லை என்ற ஒரே காரணத்திற்காக எவரையும் சிறையிலடைக்கலாகாது என்று கூறும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-ஆம் ஆண்டு இணைந்திருந்தது. அதனையும், உயிர்வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் நமது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவையும் அடிப்படையாகக் கொண்டு அவர் சட்டத்தை விளக்கினார்.

அதன் சாரம் இதுதான்: கடன் கட்டப்படவில்லை என்பது மட்டும் சிறைக்குக் காரணமாகாது. வறுமை குற்றமன்று. முன்பு கையில் பணம் இருந்தது என்பதும் போதாது. இன்றைய வசதி என்ன, அவரை நெருக்கும் மற்றத் தேவைகள் என்ன என்று பார்க்க வேண்டும். வசதி இருந்தும் கெட்ட எண்ணத்துடன் தட்டிக்கழிக்கிறார் என்பது தெரிந்தால் மட்டுமே சிறை. இவற்றை மீண்டும் விசாரித்து முடிவு செய்யுமாறு வழக்கு கீழ்நீதிமன்றத்திற்கே அனுப்பப்பட்டது. கடன் தள்ளுபடி செய்யப்படவில்லை; டிக்ரியும் அழியவில்லை. இல்லாதவரும் கொடாதவரும் ஒன்றல்லர் என்பதே தீர்ப்பாயிற்று.

நமது மார்க்கம் வகுத்த எல்லை

சகோதரர்களே! இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆவது வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அதே வேளையில், வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

வாங்கிய பழங்களில் நஷ்டப்பட்டுக் கடனில் மூழ்கிய ஒருவருக்காகத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் மக்களை ஏவினார்கள். திரட்டியது கடனுக்குப் போதவில்லை. இருப்பதை எடுத்துக்கொள்ளுமாறும், அதற்கு மேல் அவர்களுக்கு இல்லை என்றும் கடன் கொடுத்தவர்களிடம் கூறிவிட்டார்கள். இதனை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலான ஹிதாயாவும் இதைப் பேசுகிறது. கடனாளியைக் காஜி இரண்டு அல்லது மூன்று மாதம் தடுத்து வைத்து, அவரது நிலையை விசாரித்து, சொத்து இல்லை எனத் தெரிந்தால் விடுவிக்க வேண்டும் என்கிறது. தடுத்து வைப்பதன் நோக்கம் தண்டனையன்று. மறைத்த செல்வத்தை வெளிக்கொணர்வதே. இன்றைய இந்தியச் சட்டத்திலும் சிவில் சிறையின் உச்ச வரம்பு மூன்று மாதம்தான். டிக்ரித் தொகை 2000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சிறையே இல்லை.

வீட்டாருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

பணக் கடனுக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ முடியாது. கைது செய்வதற்காகச் சூரியன் மறைந்த பின்னரும் உதிக்கும் முன்னரும் வீட்டிற்குள் நுழையலாகாது. வழக்கப்படி வெளியே வராத பெண்கள் இருக்கும் அறையாயின், அவர்கள் விலகிச் செல்ல நேரமும் வசதியும் தந்த பிறகே நுழைய வேண்டும். உடுத்தும் ஆடை, படுக்கை, சமையல் பாத்திரங்கள், தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாது. இவை யாவும் 1908-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உள்ளன.

ஆனால் இப்பாதுகாப்புகள் ஒளிந்துகொள்பவருக்குப் பயன்படா. நீதிமன்ற நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், விசாரணை நாளில் வராமலிருப்பதும் இல்லாதவரைக் கொடாதவராகக் காட்டிவிடும். நேரில் சென்று, தம் வருமானத்தையும் செலவையும் மறைக்காமல் சொல்பவருக்கே கிருஷ்ணய்யரின் தீர்ப்பு கேடயமாகிறது. இருவரும் சம்மதித்தால் தவணை கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் செய்துகொள்ளலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியற்றோர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.

சமரசத்திற்கும் நபிவழியில் அழகிய சான்று உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனை மஸ்ஜிதுந் நபவியில் வைத்து இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கேட்டபோது இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபியவர்கள் திரையை விலக்கி, பாதியை விட்டுக்கொடுக்குமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே இசைந்தார். மற்றவரிடம், எழுந்து சென்று மீதியைக் கொடுத்துவிடுமாறு கூறினார்கள். கொடுத்தவர் பாதியை விட்டார். வாங்கியவர் மீதியைத் தாமதமின்றித் தந்தாக வேண்டும். புகாரியில் பதிவான இந்நிகழ்ச்சி நமது ஜமாஅத் பஞ்சாயத்துகளுக்கு என்றென்றும் முன்மாதிரியாகும்.

காலாவதியாகுமா கடன்?

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனுக்கான வழக்கைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். டிக்ரி பெற்றவர் அதை நிறைவேற்றக் கோர 12 ஆண்டு அவகாசம் உண்டு. அதன் பிறகு நீதிமன்றத்தின் கதவு மூடிக்கொள்கிறது. "இனி நான் கொடுக்க வேண்டியதில்லை" என்று சிலர் மகிழ்கின்றனர். அவர்கள் சிந்திக்க வேண்டும்.

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டநூல், கடன் வழக்குகளுக்கு 15 ஆண்டு என எல்லை வகுத்தது. ஆயினும் காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்றும், கடனாளி காஜியின் முன் தாமே ஒப்புக்கொண்டால் அதன்படி தீர்ப்பளிக்க வேண்டும் என்றும் அதே நூல் கூறியது. இந்திய ஒப்பந்தச் சட்டமும், காலம் கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வாக்குறுதியைச் செல்லத்தக்கதாகவே ஏற்கிறது. ஆக, காலவரையறை மூடுவது நீதிமன்றத்தின் கதவைத்தான். கொடுக்க வேண்டிய பொறுப்பு கொடுக்கும்வரை கழுத்தில் நிற்கிறது. மூன்று தீனார் கடனுடன் இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க நபியவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். வாரிசுகள் சொத்தைப் பங்கிடும் முன் இறந்தவரின் கடனை அடைக்க வேண்டும் என்பதும் திருமறையின் கட்டளை.

ஆகவே, கடன் கொடுத்தவர்களே! இல்லாதவரை அவமானப்படுத்தாதீர்கள். கடன் வாங்கியவர்களே! இருப்பதை மறைக்காதீர்கள். மஹல்லா நிர்வாகிகளே! ஜகாத் பெறத் தகுதியுள்ள எண்வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பதை மறவாதீர்கள். பழைய கடன் எதுவும் இருந்தால் இந்த வாரமே கணக்குப் பார்த்து, கொடுத்தவரையோ அவருடைய வாரிசுகளையோ தேடிச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காத்து, பிறர் உரிமையைப் பேணி வாழும் நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.