சிவகாசிக்கு மெயில் வந்த வழி

பட்டாசு ஆலைக்குள் மெயில் கிடையாது. மருந்து அறைகள் இருக்கும் வளாகத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆலை ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இருக்கும். ஆர்டரும் கணக்கும் ஊருக்குள் ஆபீஸில் நடக்கும். ஆகவே சிவகாசியில் மெயில் வேர்விட்டது ஆபீஸ்களில்தான், அதிலும் முதலில் அச்சகங்களில். அந்த அச்சகங்களுக்கு மோடம் மாட்டிக் கொடுத்துத் தொழிலுக்கு வந்தவன் நான். இன்றைக்கு முடங்கிப்போன மெயில் கணக்குகளை மீட்டுக் கொடுக்கிறேன்.

1922-ல் எங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதற்காக அச்சகம் வந்தது. பிறகு பட்டாசும் காலண்டரும் சேர்ந்துகொண்டன. வெளியூர் வியாபாரிகளோடு பேசக் கடிதம், தந்தி, டிரங்கால், ஃபேக்ஸ் என்று எல்லாமே இந்த ஊருக்குப் பயன்பட்டன. ஆனால் ஃபேக்ஸில் நிறம் போகாது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர் குவியத் தொடங்கும். கடைப் பெயர் சரியா, சாமி படம் சரியா என்று டீலர் பார்த்துச் சொல்ல, புரூஃபைப் பார்சலில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் எங்கள் ஊர் மெயிலைத் தேடிப் போனது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்தபோது அது பெருநகரங்களோடு நின்றது. இங்கிருந்து சேர வேண்டுமானால் சென்னைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். 1998-ல் தனியாருக்கு அனுமதி, 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல்., அதன் சஞ்சார்நெட் இன்டர்நெட் கணக்கு என்று ஒவ்வொன்றாக வந்தன. உள்ளூர்க் கட்டணத்தில் இணைப்பு கிடைத்த பிறகே அச்சக முதலாளிகள் துணிந்தார்கள். திரையில் 680 என்று வந்தால் டயல் டோன் இல்லை. மாடியில் யாரோ எக்ஸ்டென்ஷனை எடுத்திருப்பார்கள். 678 என்றால் எதிர்முனை எடுக்கவில்லை. 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு, பெரும்பாலும் கேப்ஸ் லாக். ஐப்பசியில் இடி இறங்கினால் போன் வயர் வழியாக மோடம் கருகும். மேகம் கறுத்தால் வயரைக் கழற்றிவிடுங்கள் என்று ஒவ்வோர் ஆபீஸிலும் சொல்லிவிட்டு வருவேன்.

பெரிய தலைவலி அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மெயில் புரோகிராம். அன்றைய பாப்3 முறை, சர்வரில் கிடக்கும் மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு அங்கே அழித்துவிடும். டீலர் ஒருவர் 5 எம்.பி. படத்தை அனுப்பிவிட்டால், 56 கே மோடத்தில் அது இறங்கக் கால் மணி நேரம் போதாது. நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒற்றை மாட்டுவண்டிப் பாதையில் வண்டி குடைசாய்ந்த மாதிரி, பின்னால் நிற்கும் ஆர்டர் மெயில்கள் எதுவும் நகராது. பிரவுசர் வழியாகப் பெட்டிக்குள் போய் அந்த ஒரு மெயிலை மட்டும் அழித்தால் மற்றவை மளமளவென்று இறங்கும். அப்படியே, சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிடுவேன். அந்த டிக் இல்லாத ஆபீஸ்களில் ஹார்டு டிஸ்க் போன அன்றைக்கே பல வருஷத்து ஆர்டரும் போய்ச் சேர்ந்தது. அதை முதலாளியிடம் சொல்வது எனக்கு இன்றும் கஷ்டமான வேலை.

தமிழ் தனித் தொல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் எழுத்துக் குறியீடுகளும் வந்தன. ஆனாலும் அச்சகத்துக்கு அச்சகம் வேறு ஃபான்ட். இங்கே அடித்த கல்யாணப் பத்திரிகை அங்கே புரியாத குறிகளாகத் திறக்கும். கோரல்டிராவில் எழுத்தைக் கர்வ் ஆக்கி, படமாக அனுப்பிச் சமாளித்தோம். 2010-ல் தமிழக அரசு பொதுக் குறியீடான யூனிகோடை ஏற்றது. மெயிலில் தமிழைத் தமிழாகவே எழுதும் பழக்கமும் மெல்ல மெல்ல வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெயிலைக் கண்டுபிடித்தவர் நம் மாவட்டத்துக்காரர் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். ராஜபாளையம் பக்கத்து முகவூரைப் பூர்வீகமாகக் கொண்ட சிவா அய்யாதுரையைத்தான் சொல்கிறார்கள். 1978-ல், 14 வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக ‘ஈமெயில்’ என்ற பெயரில் புரோகிராம் எழுதத் தொடங்கினார். 1982-ல் அதற்குப் பதிப்புரிமைப் பதிவும் பெற்றார். அந்த வயதில் அது பெரிய சாதனை. ஆனால் 1971-லேயே ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு, @ குறியோடு செய்தி அனுப்பிவிட்டார். நம் ஊர்ப் பையனின் உழைப்பைக் கொண்டாட இன்னொருவருடைய பெயரை அழிக்க வேண்டியதில்லை.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்.பி. இடம் தந்த காலத்தில் அது 1 ஜி.பி. தந்தது. 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டும் வர, புரூஃப் சி.டி.யை பஸ்ஸில் போட்டுவிடும் வழக்கம் குறைந்தது. 2007-ல் ஜிமெயில் ஐமேப் முறைக்கும் வழிவிட்டது. மெயில் சர்வரிலேயே இருக்கும். போன், டேப்லெட், கம்ப்யூட்டர் மூன்றிலும் ஒரே பெட்டி தெரியும். ஹார்டு டிஸ்க் போனாலும் ஆர்டர் போகாது.

பிறகு 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. பதிவு செய்ய மெயிலும் செல் எண்ணும் வேண்டும்; இரண்டுக்கும் ஓ.டி.பி. வரும். அதுவரை மெயிலே இல்லாத சின்ன அச்சகம், பைண்டிங் பட்டறை, பட்டாசுக் கடை எல்லாவற்றுக்கும் அவசரம் அவசரமாக மெயில் உண்டானது. உண்டாக்கிக் கொடுத்தது ஆடிட்டர் ஆபீஸ் பையனோ பிரவுசிங் சென்டர்காரரோதான். பாஸ்வேர்டு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். மீட்பு எண் அந்தப் பையனுடையது. பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், எண்ணும் மாறிவிட்டது. 2022 மே 30-க்குப் பிறகு பழைய மெயில் புரோகிராம்களில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து ஜிமெயில் எடுப்பதை கூகுள் நிறுத்தியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. “தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குதே” என்று அழைத்த அண்ணாச்சிகள் பலர். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ஆப் பாஸ்வேர்டு எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு வரும் குறியீடு இப்போது யாருடைய போனுக்கோ போகிறதே!

மெஷினும் இடமும் உங்கள் பெயரில் இருப்பதைப் போல மெயிலும் இருக்க வேண்டும், அண்ணாச்சி. இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து, மீட்பு எண்ணாக உங்கள் சொந்தச் செல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி.க்கென்று உண்டாக்கித் திறக்காமலே விட்ட கணக்கு இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழித்து வருகிறது.