வடிகட்டியா, மாத்திரையா? நெடுநடையில் நீரின் எடை

மெக்சிகோ எல்லையோரம் கேம்ப்போ என்ற சிற்றூரில் தொடங்கி, கலிபோர்னியா, ஓரிகான், வாஷிங்டன் மாநிலங்களைக் கடந்து கனடாவில் போய் முடிகிறது பசிபிக் கிரெஸ்ட் நடைபாதை. நீளம் ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர். முழுப் பாதையையும் ஒரே பருவத்தில் நடப்பவருக்கு ஐந்து மாதம் வரை பிடிக்கும். அத்தனை நாளும் வீடு முதுகில்தான். அதனால்தான் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட நறுக்கி எறிபவர்கள் அங்கே உண்டு.

இந்த எடைக் கணக்கை நடைபயணிகளிடம் பரப்பியவர்களில் முதன்மையானவர் ரே ஜார்டின். 1990களில் வந்த அவருடைய நூல்கள் கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாய், கனத்த பூட்ஸுக்குப் பதில் ஓட்டக் காலணி என்று மூட்டையின் பட்டியலையே திருத்தின. உணவு, நீர், எரிபொருள் நீங்கலான சுமை 4.5 கிலோவுக்குள் அடங்கினால் அதை ‘அல்ட்ராலைட்’ என்பார்கள்.

தண்ணீரை மட்டும் யாராலும் இலேசாக்க முடியவில்லை. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. தென் கலிபோர்னியாவின் வறண்ட பகுதியில் நாலைந்து லிட்டர் சுமந்தே தீரவேண்டிய இடங்கள் பல. மொஹாவி பாலையில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு நீர் கொண்டுபோகும் மூடிய கால்வாயின் மேலேயே பாதை நெடுந்தூரம் செல்கிறது. காலடியில் ஓடும் அந்த நீர் நடப்பவருக்கு எட்டாது. அவருக்கு வாய்ப்பது மாட்டுத் தொட்டியும் பாசி படிந்த ஊற்றும்தான். அந்த நீரைச் சுத்தம் செய்ய நடைபயணிகள் பெரிதும் நம்பும் இரண்டு பொருள்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று வடிகட்டி, மற்றொன்று குளோரின் டையாக்சைடு மாத்திரை.

எடை

நுண்குழல் வடிகட்டிகளில் பெயர்பெற்ற சாயர் ஸ்க்வீஸ் சுமார் 85 கிராம். வைக்கோல்போல் மெல்லிய குழல்கள் அதற்குள் கட்டாக இருக்கும். அவற்றின் சுவரில் உள்ள 0.1 மைக்ரான் துளைகள் வழியே நீர் கசிந்து வருகிறது. கடையில் தண்ணீர் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலின் வாயிலேயே இதைத் திருகிக்கொள்ளலாம் என்பதால் கனத்த குடுவை தேவையில்லை.

மாத்திரை இன்னும் இலேசு. லிட்டருக்கு ஒன்று வீதம் நாளைக்கு நாலு லிட்டர் என்றால், அடுத்த ஊர் வரையிலான ஐந்து நாளுக்கு இருபது மாத்திரை போதும். உறையோடு சேர்த்தாலும் 25 கிராமைத் தாண்டாது. தராசில் மாத்திரை வெல்கிறது.

நேரம்

பாதையில் இந்த முடிவு புரண்டுவிடுகிறது. வடிகட்டி வைத்திருப்பவர் ஊற்றருகே உட்கார்ந்து, பிழிந்து, அங்கேயே ஒரு லிட்டரை வயிறாரக் குடித்துவிட்டு மூன்று லிட்டரோடு கிளம்புகிறார். மாத்திரை போட்டவர் காத்திருக்க வேண்டும். ஜியார்டியா என்ற கிருமி சாக அரை மணி நேரம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாக நான்கு மணி நேரம். வெள்ளக் காலத்தில் நாம் கிணற்றிலும் குடத்திலும் போடும் சாதாரண குளோரினுக்கு இந்த இரண்டாவது கிருமி எளிதில் மசியாது. குளோரின் டையாக்சைடு அதைக் கொல்லும், ஆனால் மெதுவாக.

மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்பவர் அந்த நான்கு மணி நேரத்தில் 16 கிலோமீட்டர் போய்விடுவார். குடிக்க முடியாத ஒரு கிலோ அதுவரை அவர் முதுகில். பொருளில் மிச்சம் பிடித்தது 60 கிராம், காத்திருப்பதால் ஏறியது ஒரு கிலோ. தராசுக்குக் காலம் தெரியாது. கிராம் கிராமாக எண்ணுபவர்களும் கோட்டைவிடும் இடம் இது.

கிருமி

ஜியார்டியாவின் கூடு சுமார் 10 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் 5, பாக்டீரியாக்கள் அதைவிடச் சிறியவை. இவை எல்லாவற்றையும் வடிகட்டி தடுத்துவிடும். நோரோவைரஸ் 0.03 மைக்ரான் அளவே இருப்பதால் துளைக்குள் நுழைந்து போய்விடும். மாத்திரையிடம் அதுவும் தப்பாது.

பசிபிக் கிரெஸ்ட் பாதை கடக்கும் ஆளரவமற்ற சியரா மலைத்தொடரின் ஓடையில் வைரஸ் பெரிய கவலையில்லை. அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் நடைபாதையில் நிலை வேறு. அங்கே 250க்கு மேற்பட்ட தங்கல் கொட்டகைகள் உள்ளன. பலர் ஒன்றாகப் படுத்து, ஒரே ஊற்றில் மொள்கிறார்கள். வயிற்றைப் பிரட்டும் நோரோவைரஸ் அங்கே பரவியதுண்டு. அது நீரைவிடக் கையாலேயே அதிகம் பரவுகிறது. கைக்குத் தடவும் சானிடைசர் அதற்குப் போதாது, சோப்பும் நீரும்தான் வேண்டும். அந்தச் சிறு சோப்புத் துண்டை எடைக்கு அஞ்சி விட்டுவிட்டு வருவது தவறான சிக்கனம்.

குளிர்

வடிகட்டியின் பெரும் பலவீனம் உறைபனி. குழலில் தங்கிய நீர் ஒருமுறை உறைந்தால் சுவர் விரிசல் விடலாம். அப்போதும் நீர் வழக்கம்போலவே வரும், பழுதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே சியராவின் இரவுகளில் அதை உறங்குபைக்குள் உடம்போடு வைத்துப் படுக்கிறார்கள். மாத்திரைக்கு இந்தப் பயமில்லை. குளிரிலும் கலங்கல் நீரிலும் அதன் வேகம் குறையும், அவ்வளவுதான். அதே கலங்கல் வடிகட்டியை அடைத்துவிடும். எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவினால் அடைப்பு நீங்கும்.

கரைந்திருக்கும் உப்பையோ பூச்சிமருந்தையோ இரண்டும் நீக்கா. கொதிக்கவைத்தால் எல்லாக் கிருமியும் சாகும். அதற்கு ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் எல்லா நீரையும் காய்ச்ச எரிபொருள் சுமக்க முடியாது.

என் தேர்வு வடிகட்டி. அதோடு, அது உறைந்தாலோ தொலைந்தாலோ கைகொடுக்கப் பத்து மாத்திரை. கூட்டம் மிகுந்த பாதையானால் வடித்த நீரிலும் ஒரு மாத்திரை போடுவேன். இரண்டும் சேர்ந்து 100 கிராம்கூட ஆகாது.

இவற்றோடு எடையே இல்லாத ஒரு காரியமும் உண்டு. மலம் கழிப்பவர் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும் என்பது இந்தப் பாதைகளின் ஒழுங்கு. அலுப்பில் அதைத் தவிர்த்தவரின் கிருமியைத்தான் பின்னால் வருபவர் வடிகட்டியாலும் மாத்திரையாலும் தடுக்கப் பார்க்கிறார். அந்த 60 மீட்டரை ஒவ்வொருவரும் நடந்தால், அடுத்து வருபவரின் ஊற்றில் வடிகட்டிக்கு வேலை குறையும்.