களிம்பேறிய வெள்ளி

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஒன்று கெடும்போது மற்றதும் கெடும் என்பதற்கு ஸ்பெயின் பேரரசின் வரலாறு சான்று பகர்கின்றது.

இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையில் 1545-ஆம் ஆண்டு ஸ்பானியர் வெள்ளி எடுக்கத் தொடங்கினர். 1570-களில், பூர்வகுடி ஊர்கள் பலவும் ஆண்டுதோறும் முறைவைத்து ஆடவரைச் சுரங்கத்திற்கு அனுப்ப வேண்டுமென அரசப் பிரதிநிதி கட்டளையிட்டார். அவர்கள் சிந்திய வியர்வையும் குருதியும் எட்டு ரெயால் மதிப்புள்ள பெரிய வெள்ளிக் காசுகளாகி உலகெங்கும் உலவின. ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ள அக்காசைச் சீன வணிகரும் விரும்பி ஏற்றனர்.

ஆயினும் அவ்வெள்ளி ஸ்பெயினில் தங்கவில்லை. நெதர்லாந்துப் போர்ச் செலவுக்கும், கடன் கொடுத்த ஜெனோவா வணிகரின் பெட்டிகளுக்கும் பாய்ந்தோடியது. இரண்டாம் பிலிப்பு மன்னரின் அரசு 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைத் தீர்க்க இயலாமல் கைவிரித்தது. 1598-இல் அரியணை ஏறிய மூன்றாம் பிலிப்பு எளிய வழியொன்றைக் கண்டார். அயல்நாட்டார் எடைபோட்டு வாங்கும் வெள்ளிக் காசை அவர் தொடவில்லை. ஏழைகள் அன்றாடம் அப்பம் வாங்கிய ‘வெல்யோன்’ என்னும் சில்லறைக் காசிலேயே கைவைத்தார். செம்பில் சிறிதளவு வெள்ளி கலந்து அடிக்கப்பட்டு வந்த காசு அது. 1599-இல் அவ்வெள்ளி நீக்கப்பட்டது. 1602-இல் எடையும் பாதியாயிற்று. 1603-இல் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று, அவற்றின் மேல் இரட்டை மதிப்புக்கு முத்திரையிட்டனர். நூறு காசு கொடுத்தவருக்கு ஐம்பதே திரும்பக் கிடைத்தது. மதிப்பில் குறைவில்லை என்றார்கள். மறுபாதி அரசின் கருவூலத்தைச் சேர்ந்தது.

இதைத் தட்டிக்கேட்டவர் தொலேதோ நகரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஹுவான் தெ மரியானா. ஸ்பெயினின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றிருந்த அவருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. 1609-இல் கொலோன் நகரில் வெளியான தம் நூலில் நாணய மாற்றத்தைப் பற்றி எழுதினார். குடிமக்களின் உடைமைக்கு மன்னர் உரிமையாளர் அல்லர். அவர்தம் இசைவின்றிக் காசின் தரத்தைக் குறைப்பது மறைமுகமாய் வரி பறிப்பதே என வாதிட்டார். பிறர் களஞ்சியத்துள் அரசன் புகுந்து தானியத்தில் பாதியை அள்ளிச் சென்றால் பொறுப்போமா என வினவினார். அரண்மனைச் செலவைச் சுருக்குதல், கொடைகளைக் குறைத்தல், ஆடம்பரப் பொருள்களுக்கு வரி விதித்தல் என மாற்று வழிகளையும் காட்டினார்.

அவ்வாண்டே அவர் கைது செய்யப்பட்டு, மத்ரித் நகரின் பிரான்சிஸ்கன் மடமொன்றில் ஓராண்டளவு அடைத்து வைக்கப்பட்டார். நூற்படிகளைத் தேடி அழிக்க அரசு முயன்றது. பின்னர் விடுதலை பெற்ற அம்முதியவர் 1624-இல் தொலேதோவில் இறந்தார்.

அவர் சொன்னது பொய்க்கவில்லை. 1628-இல் அரசு செம்புக் காசின் மதிப்பை ஒரே ஆணையால் பாதியாக்கியது. வெள்ளியைப் பூட்டி வைத்திருந்தோர்க்கு அதனால் இழப்பில்லை. செம்பையே சேர்த்து வைத்த கூலியாளின் சேமிப்பு ஒரே நாளில் பாதியாயிற்று. பொத்தோசியின் கட்டாய உழைப்பு முறையோ 1812-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மலையடியிலும் சந்தையிலும் பேரரசின் கடனைச் சுமந்தவர்கள், மறுத்துப் பேச வாயில்லாதவர்களே.

எருசலேமின் வெள்ளி களிம்பேறிவிட்டதென வருந்திய இறைவாக்கினர் எசாயா, அடுத்து அநாதையையும் கைம்பெண்ணையும் நினைக்கிறார். கெட்ட காசு யார் மடியில் வந்து விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். காசு அடிக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆயினும் கூலி கணக்கிடுவோரும், தராசு பிடிப்போரும், பங்கின் வரவு செலவை எழுதுவோரும் நம்மிடையே உண்டு. நம் கையிலுள்ள அளவு சிறிது குறைந்தால், அக்குறை முதலில் யாரைச் சென்று சேரும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.