டிராம் பறித்த கால், தண்ணீர் தந்த புகழ்

நடுவர் விசில் ஊதினால், பந்தை எறியப் போகிறவர் தவிர அத்தனை வீரர்களும் இருந்த இடத்திலேயே அசையாமல் மிதக்க வேண்டும். 1949 வரை வாட்டர் போலோவில் இருந்த விதி இது. குளத்தின் தரையில் கால் ஊன்றவும் கூடாது. எதிரணிக்காரர் தோளை அமுக்கும்போதும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பவை, பார்ப்பவர் கண்ணில் படாமல் தண்ணீருக்கடியில் உழைக்கும் இரண்டு கால்கள்தாம்.

ஹங்கேரியின் ஒலிவேர் ஹலாஷிக்கு அவற்றில் ஒன்று முழுதாக இல்லை.

1909-இல், புடாபெஸ்டை ஒட்டிய ஊய்பெஸ்டில் பிறந்தவர் அவர். சிறுவயதில் டிராம் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். பிறகு ஊரின் கிளப்பிலேயே நீந்தி வளர்ந்தார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி அணியில் இடம்பிடித்தபோது வயது பத்தொன்பது. இறுதிப் போட்டியில் கூடுதல் நேரம் வரை போராடி, 5-2 என ஜெர்மனியிடம் தோற்று, வெள்ளியோடு திரும்பினார்கள்.

அந்த அணியை உருவாக்கியவர் பயிற்சியாளர் பேலா கோம்யாடி. பந்தைத் தண்ணீரில் விழவிடாமல் கைக்குக் கை காற்றிலேயே கடத்தும் வேகமான ஆட்டத்தை ஹங்கேரியர்களுக்குப் பழக்கியவர் அவர்தான். 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த உழைப்பு பலித்தது. ஜெர்மனியை 6-2 என்று வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டு, தங்கத்தையும் வென்றார்கள். அடுத்த ஆண்டே கோம்யாடி இறந்துபோனார்.

குழுவாக ஆடியதால் மற்றவர்கள் ஹலாஷியின் குறையை ஈடுகட்டியிருப்பார்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம். 1931-இல் பாரிஸில் நடந்த ஐரோப்பிய நீச்சல் போட்டியில், 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதலாவதாக வந்தவர் அவர். பக்கத்துத் தடங்களில் நீந்திய எல்லாருக்கும் இரண்டு கால்கள் இருந்தன. அவருடைய வெற்றிகளில் என்னை அதிகம் மலைக்க வைப்பது இதுதான்.

பிறகு 1936, பெர்லின். உடற்குறை உள்ளவர்களைச் சுமையென்று கருதி, மூன்றே ஆண்டுகளில் அவர்களைக் கொல்லவும் துணிந்த ஆட்சியின் தலைநகரம் அது. அங்கே ஜெர்மனிக்கு எதிராக ஹங்கேரி ஆடிய ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. கோல் சராசரியில் ஹங்கேரி முந்தியது. ஒரு கால் இழந்தவரும், யூதரான கோல்கீப்பர் கியோர்கி ப்ரோடியும் இடம்பெற்ற அணிக்கு ஹிட்லரின் நகரில் தங்கம் கிடைத்தது. அந்தக் காட்சியை வரலாறு இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஹலாஷி ஆடிய காலத்தில் பாராலிம்பிக் என்ற ஒன்றே கிடையாது. முதல் பாராலிம்பிக் 1960-இல்தான் நடந்தது. எந்தத் தனிப்பிரிவும் சலுகையும் இல்லாமல், உலகின் தலைசிறந்த வீரர்களோடு ஒரே குளத்தில் மோதி அவர் வென்றவை இரண்டு தங்கம், ஒரு வெள்ளி.

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் அமைதி வரவில்லை. சோவியத் படைகள் ஹங்கேரியில் நிலைகொண்டிருந்தன. 1946 செப்டம்பர் 10 அன்று புடாபெஸ்டில் ஒரு சோவியத் சிப்பாயின் கையால் ஹலாஷி கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37.

பத்து ஆண்டுகள் கழித்து, ஹங்கேரிய அணியும் சோவியத் அணியும் மெல்போர்ன் நீச்சல் குளத்தில் நேருக்கு நேர் இறங்கின. 4-0 என்று ஹங்கேரி வென்ற அந்த ரத்தக்களறியான ஆட்டம் அடுத்த வாரம்.

(தொடரும்)