சுவரிலிருந்து இறக்கப்பட்ட படம்

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் நன்னி வீட்டுக் கூடத்தில் 1999ஆம் ஆண்டு வரை ஒரு வண்ணப் புகைப்படம் தொங்கிக்கொண்டிருந்தது. ஷார்ஜாவில் வேலை பார்த்த என் சின்னத்தாவும், அவரோடு அறையில் தங்கியிருந்த பெஷாவர்க்காரரான லாரி ஓட்டுநரும் ஒரே சகனில் கைவைத்து உண்ணும் படம் அது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த நெடிய மனிதரைக் காட்டி யாரென்று கேட்பார்கள். 'தம்பி கூட இருக்கிற பட்டாணி' என்று நன்னி சொல்லுவார். அதற்கு மேல் அதில் விளக்க எதுவும் இருப்பதாக எவருக்கும் தோன்றியதில்லை.

அவ்வாண்டு கார்கில் போர் நடந்தது. மே முதல் ஜூலை வரை தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் பாகிஸ்தான் என்ற சொல்லுக்கு ஒரே முகம்தான் இருந்தது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்திருந்தன; அதன்பின் எங்களைப் போன்றோர் வீடுகளில் எதைப் பேசுவது, எதை விடுவது என்பதில் ஒரு கூடுதல் கவனம் வந்திருந்தது. ஒருநாள் மாலை நன்னி முக்காலி போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. சுவரில் ஒரு வெளிர்ந்த சதுரம் மட்டும் நெடுநாள் இருந்தது.

இதை நான் ஏறத்தாழ மறந்திருந்தேன். அண்மையில் ஏ.கே. செட்டியாரின் பயண நூல்களை வரிசையாக வாசித்தபோதுதான் அந்தச் சதுரம் மீண்டும் கண்முன் வந்தது.

செட்டியாரை இங்குள்ள நண்பர்கள் பலரும் அறிவர். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். இளமையில் இரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 'ஜப்பான்', 'உலகம் சுற்றும் தமிழன்', 'மலேயா முதல் கனடா வரை', 'கரிபியன் கடலும் கயானாவும்' என்று அவர் எழுதிய நூல்களின் பெயர்களே ஒரு நிலப்படம். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் சுற்றிய தொலைவை வியப்பார்கள். என்னை வியக்க வைப்பது வேறொன்று: அந்த நூல்களில் 'நான்' என்ற சொல் எவ்வளவு அரிதாக வருகிறது என்பது. சிறுசிறு வாக்கியங்கள், பார்த்தது, கேட்டது, விலை, தொலைவு. புகைப்படக்காரர் என்றாலும் தம் உருவத்தை முன்னிறுத்துவதில் அவருக்கு விருப்பமிருந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஊரின் முன்னால் தாம் நின்றுகொண்டால் ஊரில் ஒரு பகுதி மறைந்துபோகும் என்று நினைத்தார் போலும்.

அவர் சென்ற காலத்தில் அந்நாடுகளைப் பற்றி நம்மவர் மனத்தில் இருந்த சித்திரங்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஜப்பான் என்றால் 1905இல் ருஷ்யாவை வென்ற ஆசிய வீரன். இந்திய ஏடுகள் அந்த வெற்றியைத் தம் வெற்றியாகவே கொண்டாடின. இல்லையென்றால் ஜப்பான் என்பது கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் பொம்மையும் கண்ணாடிச் சாமானும். இவ்விரண்டுக்கும் நடுவே மக்கள் வாழும் ஒரு நாடு இருக்கிறது என்பதைத் தமிழ் வாசகனுக்கு 1936இல் வெளிவந்த செட்டியாரின் சிறு நூல் காட்டியது.

ஆனால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சில ஆண்டுகளில் அதே ஜப்பானின் படை மலேயாவைப் பிடித்தது. சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு சென்றது. திரும்பாதவர்கள் ஏராளம். பயணி கண்ட பண்புள்ள ஜப்பானியரும் பொய்யில்லை, பாதை போட்டுச் செத்தவர்களின் பிள்ளைகள் நினைவில் இருக்கும் ஜப்பானியரும் பொய்யில்லை. நேரில் பார்த்தவன் சொல்வதால் மட்டும் ஒரு நாட்டின் படம் முழுமையாகிவிடுவதில்லை.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. 1927இல் அமெரிக்கரான காதரைன் மேயோ 'மதர் இந்தியா' என்ற நூலை எழுதினார். அவரும் நேரில் வந்து பார்த்துச் சென்றவர்தாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர் கண்டதெல்லாம் பால்ய மணம், நோய், அழுக்கு, தீண்டாமை. சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று காந்தி அதைச் சாடினார். ஆயினும் இந்தியர் அதைப் படிக்க வேண்டும் என்றே கருதினார். லாலா லஜபதி ராய் ஒரு மறுப்பு நூலே எழுதினார். தமிழ்நாட்டில் கோவை அ. அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா?' என்று கேட்டு, மேயோ கூறியவற்றில் மெய் உண்டு என்ற பக்கம் நின்றார். வெளியார் தீட்டிய படம் தவறு என்று கூவுவதற்கு முன் அதில் எது சரி என்று பார்த்த அந்தத் துணிவு, சினத்தோடு எழுதப்பட்ட பல மறுப்புகளில் இல்லை.

மேயோவின் நூல் வெளிவந்து பத்தாண்டுகள் கழித்து, 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. பல நாடுகளில் பலர் பல காலங்களில் எடுத்துவைத்திருந்த துண்டுப் படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார்; சேர்ந்தவை 50,000 அடி. 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் வெளியாயிற்று. மேயோவுக்கு விடையாக அவர் இதைச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் செய்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது: வாதிடாமல், பிறர் எடுத்த படங்களை ஒன்றுசேர்த்து, ஒரு மனிதர் நடப்பதையும் சிரிப்பதையும் காணச் செய்தது.

இனி ஊருக்கு வருகிறேன். வெள்ளாற்றின் தென்கரையில் நாங்கள், வடகரையில் திட்டக்குடி. ஆற்றைக் கடப்பதைப் போலவே கடலைக் கடப்பதும் எங்களுக்குப் பழக்கம். 'சபர்' என்றால் பயணம்; வெளிநாட்டில் பிழைப்பவர் 'சபராளி'. பர்மா, இலங்கை, மலேயா என்று போன தலைமுறைகளுக்குப் பின், 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா திறந்துகொண்டது. அங்கிருந்து வந்த படங்களில் செட்டியாரின் முறைக்கு நேர்மாறான இலக்கணம் ஒன்று உண்டு. சபராளி எப்போதும் படத்தின் நடுவில் நிற்பார். பின்னால் ஒரு நீரூற்று, அல்லது அவருடையதல்லாத ஒரு கார். சட்டை புதிது, கண்ணாடி கறுப்பு. எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் உறங்கும் அறை, நாற்பத்தைந்து பாகை வெயிலில் நிற்கும் சாரம், முதலாளியின் பெட்டியில் பூட்டிவைக்கப்பட்ட பாஸ்போர்ட் ஆகியவை எந்தப் படத்திலும் வந்ததில்லை. உம்மா பார்ப்பார்களே என்ற அன்பினால் சொல்லப்பட்ட பொய் அது. அதை மெய்யென்று நம்பி அடுத்த விமானம் ஏறியவர்களில் என் அண்ணனும் ஒருவர். இரண்டு ஆண்டுகளில் மெலிந்து திரும்பினார். அவர் கொண்டுவந்த படங்களிலும் நீரூற்று இருந்தது.

ஊடகங்கள் வளைகுடாவை ஒன்று தங்கச் சுரங்கமாகக் காட்டின, இல்லையேல் கொத்தடிமைக் கூடமாகக் காட்டின. முதல் சித்திரத்துக்கு நாங்களே படம் எடுத்துக் கொடுத்தோம் என்பதுதான் உண்மை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது இந்தச் சித்திரம் சிறிது காலம் கிழிந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை, பெரும்பாலும் ஜோர்டானின் அம்மானிலிருந்து, விமானங்களில் இந்தியா அழைத்துவந்தது. பாலைவனம் கடந்து அம்மான் வந்து சேர்ந்தவர்கள், வழியில் தண்ணீர் தந்த முன்பின் அறியாதவர்களைப் பற்றிச் சொன்னதுண்டு. 2016இல் இதைப் பற்றி வந்த இந்தித் திரைப்படம் ஒரே வணிகரின் வீரமாக எல்லாவற்றையும் சுருக்கியது. அப்பணியில் உழைத்த அதிகாரிகளும் விமான நிறுவனத்தாரும் மனம் நொந்ததில் வியப்பில்லை. நேரில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இப்படி நடக்கிறது.

சின்னத்தா ஷார்ஜாவில் எடுத்த படங்களிலும் நீரூற்றுகள் நிறைய. அவற்றுக்கிடையே அந்தச் சகன் படம் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். மூன்றாவதாக ஒருவர் அறையில் புதிதாக வாங்கிய காமிராவைச் சோதித்துப் பார்த்தாராம். இவர்கள் இருவரும் தயாராக இல்லை. சட்டைகூடப் போட்டிருக்கவில்லை, பனியன்தான். பின்னால் அடுக்குக் கட்டிலின் இரும்புக்கால் தெரிகிறது. வளைகுடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த படங்களில் அறை தெரிகிற ஒரே படம் அது. நன்னி அதைத்தான் மாட்டியிருந்தார். 'இதுலதான் புள்ள சாப்பிடுறது தெரியுது' என்பது அவர் காரணம்.

சின்னத்தா ஊருக்கே திரும்பிவிட்டார். நன்னி மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற நோன்புப் பெருநாளுக்குப் போயிருந்தபோது பழைய தகரப் பெட்டியில் அந்தப் படம் கிடைத்தது. சட்டத்தைக் கழற்றினோம். பின்புறத்தில் உருதுவில் மூன்று வரிகள். சின்னத்தாவுக்கு உருது பேச வரும், படிக்க வராது. இத்தனை ஆண்டுகளாக அது ஏதோ துஆ என்றே நினைத்திருந்தாராம். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்துச் சொன்னார். பெஷாவரிலிருந்து எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்த நிறுத்தத்தில் இறங்குவது, அங்கிருந்து யார் பெயரைச் சொல்லி வழி கேட்பது என்று எழுதியிருந்தது.