திசைமாற்றிச் சக்கரமும் மின்பழுதும்: வன்னி தந்த பாடம்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அரசர்களின் பட்டியலிலும் போர்களின் நிரலிலும் தேடுவதே நம்மிடையே நெடுங்கால வழக்கு. கராச்சுகளில் வளர்ந்த அறிவை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலர். மோட்டார் வண்டியின் திசைமாற்றிச் சக்கரத்தில் உள்ள ஆளிகளின் மின்பழுதைக் கண்டறியும் முறை என்னும் சிறு பொருளைக் கொண்டு, வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு கூற்றை விளக்க இக்கட்டுரை முயல்கின்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வடபுலத்தின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. எரிபொருளும் பற்றறியும் தடைசெய்யப்பட்டோ கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் பின்னர் வன்னியை வந்தடைந்தபோது, அங்கே இருந்த சில வண்டிகளின் சுமை மேலும் பெருகிற்று.

அக்காலத்தில் ஓடியவற்றுள் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் குறிப்பிடத்தக்கவை. சிறிதளவு பெற்றோலினால் இயந்திரத்தை இயக்கிச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். காபரேற்றரும் குறைந்த அமுக்கமும் கொண்ட இயந்திரமே இதற்கு இடங்கொடுத்தது. அவ்வண்டிகளின் மின்னமைப்பும் அவ்வாறே எளியது. திசைமாற்றிச் சக்கரத்தை ஒட்டியிருந்த முக்கிய மின்சாதனங்கள் ஹோர்ண் பொத்தானும் திசைகாட்டி ஆளியுமே.

ஹோர்ண் ஒலிக்காவிடில் என் செய்வது? பற்றறியிலிருந்து உருகி வழியாக ஹோர்ணுக்கும், அங்கிருந்து பொத்தானுக்கும், அதன்வழி வண்டியின் உடலுக்கும் மின் செல்கின்றது என்ற அமைப்பைக் கொள்வோம். பொத்தானுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி உடலிலே தொட்டால் ஹோர்ண் ஒலிக்குமாயின், பழுது பொத்தானிலோ அதன் தொடுகையிலோ உள்ளது. ஒலிக்காதாயின் பழுது அதற்கு முன்னே உள்ளது. விடாது ஒலிக்குமாயின், கம்பியின் காப்புறை தேய்ந்து உடலிலே தொடுவதாகக் கொள்ளலாம். இச்சோதனைக்கு வேண்டியது 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்றும் இரண்டு கம்பிகளுமே. மாற்றுப் பாகம் கிடைத்தற்கரிய சூழலில், பழுதின் இடத்தைத் தவறாது அறிதல் திறமை மாத்திரமன்று, வாழ்வின் தேவையுமாயிற்று. நோயாளரை ஏற்றிச் செல்லும் வண்டி நின்றுவிடின், அதற்கு ஈடாக வேறொன்று எளிதில் வாராது.

உலகின் போக்கோ வேறாயிருந்தது. 1986இல் பொஷ் நிறுவனம் கான் எனப்படும் தரவுத்தொடர்பு முறையை வெளியிட்டது. காற்றுப்பை பரவியதும், சக்கரத்தினுள் கிளொக் ஸ்பிரிங் எனும் சுருள் நாடா இடம்பெற்றது; சக்கரம் சுழலும்போதும் மின்தொடர்பு அறாதிருக்க அது உதவுகின்றது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்ற பின்னர் இத்தகைய வண்டிகள் வன்னி வீதிகளிற் பெருகின.

இவற்றில் ஒலியளவு முதலிய பொத்தான்கள் பல, ஒரே கம்பியிற் செய்தி அனுப்புவதுண்டு. ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு தடையை இணைக்கும். அத்தடையின் அளவைக் கொண்டே கட்டளை உணரப்படும். ஈரமும் புழுதியும் தொடுகையிற் படிந்து சில ஓம்கள் கூடிவிடின், ஒலியைக் கூட்டும் பொத்தான் வேறொரு பணியைச் செய்யலாம். பொத்தான்கள் மட்டும் பிழைத்தால் ஆளித்தொகுதியைப் பன்மானியால் அளத்தல் தகும். அவற்றுடன் ஹோர்ணும் செயலிழந்து, காற்றுப்பை எச்சரிக்கை விளக்கும் எரியுமாயின், சுருள் நாடாவையே முதலில் ஐயுறல் வேண்டும். சக்கரத்தைக் கழற்றுமுன் பற்றறியைத் துண்டித்து, உற்பத்தியாளர் கூறும் நேரம் காத்திருத்தல் இன்றியமையாதது. காற்றுப்பைச் சுற்றிற் பன்மானியை வைத்தல் ஆபத்தானது.

கருவி மாறினும் வினா மாறவில்லை என்பது இங்கு நோக்கற்பாலது. மின் எதுவரை வருகின்றது, எங்கே நிற்கின்றது என்பதே அன்றும் இன்றும் கேட்கப்படும் வினா. எனினும், கணினி காட்டும் பழுதுக் குறியீட்டைக் கண்டவுடன் பாகத்தை மாற்றிவிடும் வழக்கம் இன்று பரவி வருகின்றது. குறியீடு சுற்றைச் சுட்டுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உள்ளதைப் பேணும் அறிவின் பெறுமதியை அவ்வாண்டுகள் மீண்டும் உணர்த்தின.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இன்று இயங்குகின்றன. தடைக்காலத்திலே பட்டமின்றிப் பழுது கண்டோரின் அனுபவம் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. ஆயினும் அதிற் பெரும்பகுதி எழுத்திலும் இல்லை. அத்தொழிலாளர் முதுமை எய்துகின்றனர். அவர்களை அணுகி, அவர்தம் முறைகளைக் கேட்டுப் பதிவு செய்தல் மாணவர்க்குரிய பணியாகும். காலந்தாழ்த்தின், கேட்பதற்கு ஆளிருந்தும் சொல்வதற்கு ஆளில்லாத நிலையே எஞ்சும்.