ஃப்ளோ டைவர்ட்டர்: மூளைத் தமனிக்குள் ஒரு வலைக்குழாய்

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பையாகப் புடைத்து நிற்பதை மருத்துவர்கள் அனியூரிசம் என்கிறார்கள். அதைக் குணப்படுத்த, கூடை முடைவதுபோல் மெல்லிய உலோகக் கம்பிகளை நெருக்கிப் பின்னிச் செய்த சிறு குழாய்தான் ஃப்ளோ டைவர்ட்டர். பைக்குள் அது நுழைவதே இல்லை. பை முளைத்திருக்கும் தமனிக்குள் படுத்துக்கொள்கிறது. மூளைக்குப் போகிற ரத்தம் அதன் வழியே தடையின்றி ஓட, பைக்குள் பாய்கிற ரத்தம் மட்டும் படிப்படியாக அடங்கிவிடுகிறது.

பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு இப்படியொரு புடைப்பு இருக்கலாம் என்பது கணிப்பு. பெண்களிடம் அதிகம். புகைப்பழக்கமும் உயர் ரத்த அழுத்தமும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பலருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் இது தெரியவருகிறது. வெடித்துவிட்டாலோ, அதுவரை அறிந்திராத கொடிய தலைவலி நொடியில் தாக்கும். மூளையைச் சூழ்ந்த சவ்வுகளுக்கிடையே ரத்தம் பரவும். அப்படி வெடித்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை.

1937 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றை மாட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வழிதான் முதன்மையாக இருந்தது. 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் இத்தாலிய மருத்துவர் கைடோ குக்லியெல்மி, தொடைத் தமனி வழியாகவே மேலே சென்று பிளாட்டினச் சுருள்களால் பையை நிரப்பும் முறையைத் தொடங்கினார். வெடித்த புடைப்புள்ள 2,143 நோயாளிகளிடம் நடந்த ஐசாட் ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும், சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம்.

ஆனால் கழுத்து அகன்ற புடைப்புகளில் சுருள் நிற்பதில்லை, தமனிக்குள்ளேயே வழிந்துவிடும். 25 மில்லிமீட்டரைத் தாண்டிய ராட்சதப் புடைப்புகளில் சுருள்கள் நாளடைவில் அமுங்க, பை மறுபடி நிரம்பும். அத்தகைய நோயாளிகள் சிலருக்கு, கழுத்தின் பெரிய தமனி ஒன்றையே பலூனால் நிரந்தரமாக அடைப்பதுண்டு. மூளைக்கான நான்கு பெரிய வழிகளில் ஒன்றைப் பலி கொடுத்து உயிரைக் காக்கும் கடினமான பேரம் அது.

ஃப்ளோ டைவர்ட்டர் இந்தப் பேரத்தையே தேவையற்றதாக்க முயன்றது. நோய் பையில் மட்டும் இல்லை, அதைப் பெற்ற தமனிச் சுவரில் இருக்கிறது. சுவரைச் சீராக்கினால் பை தானே அடங்கும் என்ற எண்ணம் அஜய் வாக்லூ, பரூக் லீபர் போன்றோரின் 1990களின் ஆய்வுகளில் உருப்பெற்றது. இவ்வகையில் பெயர்பெற்ற பைப்லைன் கருவியில் 48 கம்பிகள் உண்டு: நான்கில் மூன்று பங்கு கோபால்ட்-குரோமியம், மீதி எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிளாட்டினம்-டங்ஸ்டன். விரிந்த குழாயின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உலோகம் மூடும். சாதாரண ஸ்டென்டில் இது மிகவும் குறைவு. நெருங்கிய இந்தப் பின்னலைக் கடக்கும்போது ரத்தம் வேகமிழந்து, பைக்குள் தேங்கி உறைகிறது. பிறகு வலையின் மேல் தமனியின் உட்படலம் மெல்லப் படர்ந்து, பையின் வாயை மூடிவிடுகிறது.

அப்படியானால் அதே வலை, கண்ணுக்குச் செல்லும் கிளைத் தமனியின் வாயையும் அடைத்துவிடாதா? பெரும்பாலும் அடைப்பதில்லை. கிளையின் மறுமுனையில் ரத்தத்துக்காகக் காத்திருக்கும் திசு இருக்கிறது. அழுத்த வேறுபாடு கம்பிகளின் இடுக்கு வழியே ரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பைக்கோ மறுவாசல் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் கருவி முழுவதும் நிற்கிறது. மூளை மருத்துவத்தில் இதைப்போல் எளிமையும் துணிவும் சேர்ந்த யோசனைகள் குறைவு.

2007இல் டேவிட் கால்மஸ் குழு பைப்லைனை முயல்களில் சோதித்துக் கண்ட முடிவுகள் வெளிவந்தன. பெட்ரோ லைலிக்கின் புயனோஸ் ஐரிஸ் குழு, 53 நோயாளிகளின் 63 புடைப்புகளைப் பற்றி 2009இல் எழுதியது. 2011 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பைப்லைனை அனுமதித்தது. ஒப்புதலுக்கு அடிப்படையான பஃப்ஸ் ஆய்வில் ஆறு மாதத்தில் 73.6 சதவீதப் புடைப்புகள் முழுமையாக மூடியிருந்தன. ஐந்தாண்டில் அது 95.2 சதவீதம். நாள் ஆக ஆகப் பலன் கூடுவது இதன் தனித்தன்மை. ஆனாலும் முதல் ஆறு மாதத்தில் 5.6 சதவீதத்தினருக்குப் பெரும் பக்கவாதமோ நரம்பியல் காரணத்தால் மரணமோ நேர்ந்தது.

உலோகத்தின் மேல் ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும் மாதக்கணக்கில் தேவை. குளோப்பிடோகிரெல் எல்லோரிடமும் வேலை செய்வதில்லை; அதைச் செயல்படவைக்கும் நொதியின் மரபணு மாற்றம் ஆசியர்களிடம் அதிகம். அதனால் பல மையங்கள் முன்கூட்டியே பரிசோதித்து, தேவைப்பட்டால் டிகாக்ரெலர் போன்ற மாற்று மருந்து தருகின்றன. மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. ஏற்கெனவே வெடித்துக் கசியும் புடைப்பில் இதே மருந்துகள் கத்திமுனை நடையாகிவிடும். பை மூடவும் மாதங்கள் பிடிப்பதால், அங்கே இக்கருவி முதல் தேர்வாக இருப்பது அரிது. தமனி இரண்டாகப் பிரியும் இடத்துப் புடைப்புகளுக்கு வெப் எனும் கருவி வந்திருக்கிறது. அந்தக் கம்பிவலைப் பந்து பைக்குள்ளேயே தங்கிவிடுவதால் மருந்துச் சுமை பொதுவாகக் குறைவு. அமெரிக்கா அதை 2018 டிசம்பர் இறுதியில் அனுமதித்தது.

இந்தியாவில் இறக்குமதியாகும் ஃப்ளோ டைவர்ட்டரின் விலை 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020இல் குறிப்பிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், நிக்கல்-டைட்டானியக் கலவையான நிட்டினாலைக் கொண்டு உள்நாட்டுக் கருவியொன்றை உருவாக்கி, தொழில்நுட்பத்தைப் புணேயின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்கு வழங்கியுள்ளது.